பனி விலகிய மண்ணில் முதல் குடிகள்

பள்ளியில் தாவரவியல் படித்தவர்களுக்கு ஒரு வரிசை நினைவிருக்கும். வெற்றுப் பாறையில் முதலில் லைக்கன் படரும். அது பாறையை அரித்துச் சிறிது மண்ணை உண்டாக்கும். அந்த மண்ணில் மாஸ் வளரும், மாஸ் சேர்த்துவைத்த மட்கில் புல்லும் பூண்டும் முளைக்கும், பிறகு புதர், கடைசியில் மரம். இதைத் தாவர வழிமுறை வளர்ச்சி என்றும், கடைசியில் நிலைத்து நிற்கும் காட்டை உச்சநிலைச் சமுதாயம் என்றும் பாடநூல் சொல்லிக்கொடுத்தது. 1916இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸ் எழுதிய பெருநூல்தான் இந்தக் கருத்துக்கு உறுதியான வடிவம் கொடுத்தது. ஒவ்வொரு குடியும் அடுத்த குடிக்காக நிலத்தைப் பண்படுத்திவிட்டுத் தான் விலகிக்கொள்கிறது என்பதே அதன் சாரம். குளிர்நாடுகளில் எரிமலையும் பனியாறும் புதிதாகத் திறந்துவிட்ட நிலங்களை மனிதர் பல பத்தாண்டுகள் விடாமல் கவனித்த இடங்களில் இந்த ஏணி பெரும்பாலும் காணப்படவில்லை என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. அங்கே நிலத்தின் கதியை முடிவுசெய்தவை மூன்று: அக்கம்பக்கத்தில் விதை தரும் செடி இருந்ததா, வந்த விதைக்குக் கால் ஊன்ற இடம் கிடைத்ததா, வெளியிலிருந்து உரம் வந்து சேர்ந்ததா. இந்த மூன்றிலும் முந்திக்கொண்ட செடி, எளிதில் இடத்தை விட்டுக்கொடுப்பதில்லை.

முதல் சான்று சுர்ட்ஸே. ஐஸ்லாந்துக்குத் தெற்கே, சுமார் 130 மீட்டர் ஆழத்தில் கிடந்த கடல் தரை 1963 நவம்பரில் வெடித்து, ஒரு தீவாக மேலெழுந்தது. எரிமலை அடங்கியது 1967 ஜூனில். அறிவியலாளர் தவிர வேறு யாரும் கால் வைக்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே தடை போட்டார்கள். ஆகவே வெறும் சாம்பலும் எரிமலைக் குழம்பும் உறைந்த ஒரு நிலத்தின் வரலாற்றை முதல் நாளிலிருந்தே எழுதிவைக்க முடிந்தது. அந்த ஏட்டில் இருக்கும் வரிசையைப் பாருங்கள். 1965இல், எரிமலை இன்னும் குமுறிக்கொண்டிருந்தபோதே, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த சீ ராக்கெட் என்ற கடற்கரைச் செடி மணலில் முளைத்திருந்தது. மாஸ் கண்ணில் பட்டது 1967இல். லைக்கன் 1970இல்தான் வந்தது. பாடநூல் முதலில் நிறுத்துகிற லைக்கன், பூக்கும் செடிக்கு ஐந்து ஆண்டுகள் பின்னால் வந்திருக்கிறது. முதலில் வந்த சீ ராக்கெட்டும் யாருக்கும் நிலத்தைப் பண்படுத்தித் தரவில்லை. சாம்பல் அதைப் புதைத்தது. மறுபடி வந்தது, மறுபடி அழிந்தது. நிலைத்து நின்றது 1967இல் வந்த சீ சாண்ட்வொர்ட். கொழுகொழுவென்று உப்பைத் தாங்கும் இலைகள். மணல் மூட மூட மேலே தண்டு விட்டுக்கொண்டு, கீழே வேரை ஆழமாக இறக்கும் குணம். காற்று ஓட்டிவரும் மணல் அந்தச் செடியில் தட்டித் தேங்கி மேடாகும், மேட்டின் மீது செடி மேலும் படரும். சத்தே இல்லாத மணலில் அது பிழைத்தது தனக்கு முன் யாரோ சேர்த்துவைத்த மட்கினால் அல்ல, தன் வேரினால்.

இருந்தாலும் முதல் இருபது ஆண்டுகளில் சுர்ட்ஸே மந்தமாகவே இருந்தது. அந்தக் காலத்தில் அங்கே காணப்பட்ட பூக்கும் செடிகளும் பெரணிகளும் சுமார் இருபது வகை. அவற்றில் வேர்பிடித்தவை பத்துதான். அதற்குப் பிறகு நடந்ததுதான் என் வாதத்துக்கு முக்கியம். 1980களின் நடுவில், தீவின் தென்பகுதியில் இருந்த பாறைத் தளத்தில் கடற்காகங்கள் கூட்டமாகக் கூடு கட்டத் தொடங்கின. கடலில் மீன் பிடித்துத் தின்ற பறவை நிலத்தில் எச்சம் இட்டது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் கடலிலிருந்து பாறைக்கு இடம் மாறின. எச்சத்தோடும் இறகோடும் காலோடும் விதையும் வந்தது. 2008க்குள் தீவில் பதிவான வகைகள் 69. அவற்றில் சுமார் முப்பது நிலைபெற்றிருந்தன. பறவைகள் கூடு கட்டிய இடத்தில் இன்று அடர்ந்த புல்வெளி. அதே தீவில், அதே வயதுள்ள எரிமலைக் குழம்பில், பறவைகள் தங்காத பகுதி இன்னும் கிட்டத்தட்ட மொட்டையாகவே கிடக்கிறது. வயது ஒன்று, மழை ஒன்று, குளிர் ஒன்று; வேறுபாடு பறவை மட்டும். நிலம் காலப்போக்கில் தானாகவே முதிர்ந்து அடுத்த குடிக்குத் தயாராகிறது என்றால் இந்த இரண்டு பகுதிகளும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும்.

சுர்ட்ஸே ஒரு தீவு, மணல், கடல். அதை வைத்துப் பொது விதி பேசக் கூடாது என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். ஆகவே ஏணிக் கருத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக எல்லாப் பாடநூல்களும் காட்டும் இடத்துக்கே போவோம். அலாஸ்காவின் கிளேசியர் பே. 1794இல் கடலோடி வான்கூவரின் குழுவினர் அங்கே போனபோது வளைகுடா ஏறத்தாழ முழுக்கப் பனியாறாக இருந்தது. 1879இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் துடுப்புப் படகில் போனபோது பனி வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. 1916 வாக்கில் முதன்மைப் பனியாற்றின் முகப்பு வளைகுடாவின் வாயிலிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே போய்விட்டது. ஆகவே வாயிலிலிருந்து பனியை நோக்கிப் போகும் ஒருவர் முதலில் ஹெம்லாக்கும் ஸ்புரூஸும் நிறைந்த காட்டைப் பார்ப்பார், பிறகு ஆல்டர் புதரை, பிறகு தரையோடு பாயாகப் படர்ந்த டிரையாஸை, கடைசியில் கருமையான நுண்ணுயிர்ப் படலத்தை, அதற்கப்பால் வெறும் கல்லை. இது காலத்தின் வரிசை என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். இன்று டிரையாஸ் இருக்கும் இடத்தில் நாளை ஆல்டர், நாளை மறுநாள் ஸ்புரூஸ். இந்த முறையில் ஒரு பெரிய ஊகம் ஒளிந்திருக்கிறது. ஒரு தெருவில் ஒரே நாளில் ஒரு குழந்தையையும் ஓர் இளைஞரையும் ஒரு முதியவரையும் பார்த்துவிட்டு, அந்த முதியவர் தம் இளமையில் இந்த இளைஞரைப் போலத்தான் இருந்தார் என்று முடிவுகட்டுவதைப் போன்றது அது. முதியவர் பிறந்த காலத்தில் ஊர் வேறு, தொழில் வேறு, பக்கத்து வீட்டுக்காரர் வேறு.

இந்த ஊகத்தைச் சோதிக்க இரண்டு வழிகள் இருந்தன. இரண்டையும் ஆய்வாளர்கள் கையாண்டார்கள். ஒன்று, மரத்தின் உள்வளையங்களைப் படிப்பது. கிறிஸ்டோபர் ஃபாஸ்டி பத்து இடங்களில் மரங்களைத் துளைத்து வளையங்களை எண்ணி, ஒவ்வோர் இடத்திலும் எந்த மரம் எப்போது முளைத்தது என்று கணக்கிட்டு 1995இல் வெளியிட்டார். 1840க்கு முன்பே பனி விலகிய பழைய இடங்களில் ஸ்புரூஸ் ஆரம்பத்திலேயே திரளாக முளைத்திருந்தது. பிந்தைய இடங்களில் கண்ட அடர்ந்த ஆல்டர் கட்டத்தை அவை கடக்கவே இல்லை. ஸ்புரூஸ் தொடக்கத்தில் எவ்வளவு முளைத்தது என்பதில் இடத்துக்கு இடம் இருந்த வேறுபாட்டில் 58 விழுக்காடு வரை ஒரே ஒரு காரணத்தால் விளக்கப்பட்டது: பனி விலகிய நாளில் மிக அருகிலிருந்த ஸ்புரூஸ் மரம் எத்தனை தூரத்தில் இருந்தது என்பது. வளைகுடா வாயிலில் காடு பக்கத்தில் இருந்தது. உள்ளே போகப்போக அது எட்டத்தில் போயிற்று. பாடநூல் காலத்தின் படிகள் என்று காட்டியதில் பெரும்பகுதி தூரத்தின் படிகள்.

இரண்டாவது வழி பொறுமை. 1916இல், கிளெமென்ட்ஸின் நூல் வந்த அதே ஆண்டில், வில்லியம் கூப்பர் என்ற தாவரவியலாளர் கிளேசியர் பேயில் ஒரு மீட்டர் சதுரமாக ஒன்பது துண்டு நிலங்களை அடையாளமிட்டு, ஒவ்வொரு செடியையும் வரைபடத்தில் குறித்தார். திரும்பத் திரும்பப் போய் அதே சதுரங்களை அளந்தார். அவருடைய மாணவர் டொனால்ட் லாரன்ஸ் தொடர்ந்தார். பிறகு அந்தச் சதுரங்கள் மறக்கப்பட்டன. கூப்பர் அவற்றைக் குறித்து நூறு ஆண்டுகள் கழித்து பிரையன் பூமாவும் உடனிருந்தவர்களும் பழைய குறிப்புகளை வைத்துப் பெரும்பாலானவற்றைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். பனி விலகிய மண்ணில் செடிகள் குடியேறுவதை ஒரே சதுரங்களில் பார்த்த பதிவுகளில் இது மிக நீண்டவற்றுள் ஒன்று. 2019இல் அவர்கள் வெளியிட்ட முடிவு தெளிவானது. கூப்பரின் சதுரங்களில் எதிர்பார்த்த வரிசை நடக்கவில்லை. பெரும்பாலான செடிகள் பனி விலகிய சில காலத்திலேயே வந்துவிட்டன. யார் முதலில் வந்தது என்பதில் தற்செயலின் பங்கு பெரிது. வந்தவர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக மற்றவர்களை நுழையவிடாமல் இருக்கிறார்கள். ஏணிக் கருத்தை வளர்த்த ஊரிலேயே, கூப்பர் தம் கையால் குறித்த சதுரங்களே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. அவர் அவற்றை அடையாளமிடாமல் போயிருந்தால் நாம் இன்னும் தெருவிலே நின்ற மூவரை வைத்துத்தான் பேசிக்கொண்டிருப்போம்.

இங்கே மிக வலுவான மறுப்பு ஒன்று எழும். ஆல்டரின் வேர் முடிச்சுகளில் ஃபிராங்கியா என்ற பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்ப்பது கண்கூடு. கிளேசியர் பேயில் ஆல்டரின் கீழ் மண்ணின் கார அமில எண் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குள் 8லிருந்து 5க்கு இறங்குவதை கிராக்கரும் மேஜரும் 1955இலேயே அளந்து காட்டினார்கள். இது நிலத்தைப் பண்படுத்துவது இல்லையா? நிச்சயமாகப் பண்படுத்துவதுதான். ஆல்டர் மண்ணை மாற்றுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மண் மாறுகிறது என்பது ஒன்று, அந்த மாற்றத்தினால்தான் அடுத்த செடி வருகிறது என்பது வேறு. டெர்ரி சாப்பின், லாரன்ஸ் வாக்கர் முதலியோர் விதைத்தும் நாற்று நட்டும் செய்த சோதனைகளை 1994இல் வெளியிட்டார்கள். ஆல்டரின் கீழ் நைட்ரஜன் கிடைத்து ஸ்புரூஸ் நன்கு வளர்கிறது. அதே ஆல்டரின் நிழலும் இலைச்சருகும் வேரின் போட்டியும் ஸ்புரூஸ் முளைப்பதையும் நாற்று பிழைப்பதையும் கெடுக்கின்றன. ஒரே செடி ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கிறது. ஃபாஸ்டியின் பழைய இடங்களில் ஆல்டர் கட்டமே இல்லாமல் ஸ்புரூஸ் காடு எழுந்ததை இதனோடு சேர்த்துப் பார்த்தால், ஆல்டர் காட்டுக்கு நிபந்தனை அல்ல, காட்டின் மண்ணில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கும் என்பதை மாற்றும் ஒரு வரவு என்றுதான் கொள்ள வேண்டும்.

விதை வந்து விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைத் தரையோடு தரையாகக் குனிந்து பார்க்க வேண்டும். பனியாறு விட்டுப்போகும் நிலம் கல்லும் சரளையும் பாறைமாவும் கலந்தது. பாறை அரைபட்டு மாவான நுண்மண் ஈரத்தைப் பிடித்துவைக்கும், அதுவே ஆபத்து. இரவில் குளிர் உறைநிலைக்குக் கீழே போனதும் மேல்மண்ணிலுள்ள நீர் நெட்டுக்குத்தான பனி ஊசிகளாக உறைகிறது. அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சி ஊசிகள் விரல் உயரத்துக்கு வளர்ந்து மேல்மண்ணைத் தூக்கிவிடுகின்றன. மண்ணோடு நாற்றும் மேலே போகிறது. காலையில் வெயில் பட்டு ஊசி உருகியதும் மண் கீழே விழுகிறது. நாற்று மட்டும் வேர் அறுந்து சாய்ந்து கிடக்கிறது. இப்படிச் சில இரவுகள் போதும், ஒரு சதுர மீட்டரில் முளைத்த எல்லாம் காலி. சரளைக்கல் பரவிய பள்ளத்தில் இது நடப்பதில்லை: கல்லிடுக்கில் ஊசி வளராது, காற்றில் ஓடும் விதை அங்கே தங்கிவிடும், பெரிய கல்லின் மறைவில் உலர்காற்று தாக்காது. அமெரிக்காவின் காஸ்கேட் மலையில் லைமன் பனியாற்றின் முன் செய்த ஆய்வில், நாற்றுகள் பள்ளமான, சரளை நிறைந்த, பெருங்கல்லை ஒட்டிய இடங்களில்தான் எதிர்பார்ப்புக்கு மிஞ்சி இருந்தன. ஒரு சாண் இந்தப் பக்கம் விழுந்த விதைக்கும் அந்தப் பக்கம் விழுந்த விதைக்கும் உள்ள வேறுபாடு இது. மண் வளத்தின் பேச்சே இங்கு இன்னும் எழவில்லை.

மண் வளத்தைப் பேசும்போதும், வெற்று நிலம் என்று நாம் சொல்வது எவ்வளவு வெறுமையானது என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஸ்வால்பார்டின் மிட்ரே லோவென் பனியாற்றின் முன்னே, செடி எதுவும் முளைக்காத தரையில் சிலந்திகள் வாழ்வதை ஹாட்கின்சனும் அவருடைய துணையாய்வாளர்களும் கண்டார்கள். காற்றில் வந்து விழும் பூச்சிகள்தாம் அவற்றின் இரை. நார்வேயின் ஹார்டாங்கர் பனிமலையில் சிகுர்ட் ஹோக்வார் செய்த ஆய்வு இன்னும் வியப்பானது. அங்கே உயிரோடு பிடித்த பூச்சிகளின் உடலில் இருந்த கரியைக் கதிரியக்க முறையில் கணித்தபோது பல நூறு ஆண்டு வயது காட்டியது. பனிக்கடியில் உறைந்திருந்த பழைய கரிமப்பொருள் உருகி வெளிவந்து, அதை உண்ட உயிரை இன்னொன்று உண்டு வளர்ந்திருக்கிறது. புல் முளைக்கும் முன்பே வேட்டையாடும் பூச்சி வந்துவிடுகிறது. பெருவின் ஆண்டஸ் மலையில் பூகா பனியாற்றின் முன்னே நிலத்துக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் தனித்தனியாக இட்டுப் பார்த்தவர்கள், செடிகளைத் தடுத்து நிறுத்தியது பாஸ்பரஸ் குறைவுதான் என்று 2018இல் காட்டினார்கள். நைட்ரஜனைக் காற்றிலிருந்து பிடிக்கலாம். பாஸ்பரஸ் பெரும்பாலும் பாறை கரைந்தோ பறவையின் எச்சத்திலோ வர வேண்டும். கடற்காகம் சுர்ட்ஸேக்கு எதைக் கொண்டுவந்தது என்பது இதனால் மேலும் விளங்குகிறது.

அப்படியானால் எல்லாமே தற்செயல்தானா, விதி என்று ஒன்றும் இல்லையா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: விதி உண்டு, அது ஏணியில் இல்லை, செடிகளின் உடலமைப்பில் இருக்கிறது. வில்லோ, டிரையாஸ், ஃபயர்வீட் ஆகியவற்றின் விதைகள் பஞ்சு சூடிக் காற்றில் பறக்கும் இலேசான விதைகள். ஸ்புரூஸ் விதை அவற்றைவிடப் பல மடங்கு கனம். இலேசானவை முதலில் கண்ணில் படுகின்றன. ஸ்புரூஸ் பல நூறு ஆண்டுகள் வாழ்ந்து உயர்ந்து, கடைசியில் கண்ணை நிறைக்கிறது. பல இடங்களில் நமக்கு வரிசையாகத் தெரிவது இந்த வேகமும் ஆயுளும்தான். முதல் செடி விலகாவிட்டால் வரிசை நின்றுவிடும் என்பதற்கு ஐஸ்லாந்திலேயே பெரும் சான்று இருக்கிறது. 1783-84இல் லாக்கி பிளவிலிருந்து பொங்கிச் சுமார் 600 சதுர கிலோமீட்டர் நிலத்தை மூடிய எரிமலைக் குழம்பில், எல்த்ஹ்ரவுன் என்று இன்று அழைக்கப்படும் பகுதியில், கம்பளி போன்ற சாம்பல்நிற மாஸ் மெத்தையாகப் போர்த்திக் கிடக்கிறது. 240 ஆண்டுகள் ஆகியும் பெரும்பகுதியில் அதுதான் ஆட்சி. முன்னோடி என்று நாம் பெயரிட்ட செடி, வருபவருக்கு வழிவிட வேண்டும் என்ற கடமை எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. அங்கிருந்து கிழக்கே ஸ்கெய்தாராரசாண்டூர் என்ற சரளைச் சமவெளியில் யாரும் நடாத பிர்ச் மரங்கள் பரவுகின்றன. அண்டையில் ஸ்காஃப்டாஃபெல் சரிவுகளில் பழைய பிர்ச் காடு விதை தருகிறது. அண்மைக் காலத்து வெப்பமும் மேய்ச்சல் குறைந்ததும் இதற்குத் துணைநின்றிருக்கலாம். ஆனால் விதை வராமல் வெப்பம் மட்டும் மரம் வளர்ப்பதில்லை.

இது அறிஞர்களுக்குள்ளான சண்டை, நமக்கென்ன என்று ஒதுக்கிவிட முடியாது. ஏணிக் கருத்தை நம்பியவர்கள் அதை நிலத்தில் செயல்படுத்தியிருக்கிறார்கள். 1945இல் ஐஸ்லாந்தின் வனத்துறைத் தலைவர் ஹாகோன் பியார்னசன் அலாஸ்காவிலிருந்து நூட்கா லூபின் என்ற அவரை இனச் செடியைக் கொண்டுவந்தார். அரித்துப்போன மண்ணில் நைட்ரஜன் சேர்த்து மற்றச் செடிகளுக்கு வழிசெய்துவிட்டு விலகிக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. மண்ணை அது உண்மையிலேயே வளப்படுத்தியது; அரிப்பும் நின்றது. ஆனால் பல இடங்களில் அது விலகவில்லை. இடுப்பளவு ஊதாக் காடாக நின்று, மாஸ், சிறுபுதர், லைக்கன் என்று அந்த மண்ணுக்கே உரியவற்றை மூடிவிட்டது. அதை அழிப்பதா விடுவதா என்று அந்த நாடு இன்றும் இரண்டுபட்டுக் கிடக்கிறது. நல்லெண்ணத்தோடு செய்த வேலை என்பதனாலேயே இதைச் சொல்கிறேன். முதலில் வந்தவர் விலகுவார் என்ற ஒரே ஊகம்தான் அங்கே பிழைபட்டது. இனிமேல் இந்த ஊகத்தின் மீது பெரும் நிலப்பரப்பு நிற்கப்போகிறது. கிரீன்லாந்து, அண்டார்க்டிகாவின் பனிவிரிப்புகளை விட்டுவிட்டு மற்றப் பனியாறுகளை மட்டும் கணக்கில் எடுத்தாலே, 2100க்குள் திறந்துகொள்ளும் நிலம் சுமார் 1,49,000 முதல் 3,39,000 சதுர கிலோமீட்டர் என்று 2023இல் வெளியான ஒரு கணிப்பு சொல்கிறது. அதில் குறைந்த எண்ணே தமிழ்நாட்டைவிடப் பெரிது.

அதில் ஒரு பங்கு நம் நாட்டில், இமயத்தில் இருக்கிறது. லடாக்கிலும் லாஹுலிலும் ஆற்றுச் சரளையில் தானாக வளரும் சீபக்தார்ன் முட்புதர், அலாஸ்காவின் ஆல்டரைப் போலவே ஃபிராங்கியாவின் துணையோடு நைட்ரஜனைப் பிடிப்பது. அதன் ஆரஞ்சுநிறப் பழத்தைப் பறவைகள் தின்று விதையைச் சுமந்து செல்லும். கங்கோத்ரி பனியாறு பின்வாங்கிக்கொண்டிருக்கும் பள்ளத்தாக்கில் கடைசி மரம் பூர்ஜமரம், அதாவது இமயப் பிர்ச். யாத்திரைப் பாதையில் உள்ள போஜ்பாசாவின் பெயரே அந்த மரத்திலிருந்து வந்தது. அங்கிருந்த காடு விறகுக்காக வெட்டப்பட்டு வெகுவாகச் சுருங்கிவிட்டது. கிளேசியர் பேயின் கணக்கை இங்கே பொருத்திப் பார்த்தால், பனியாற்றின் முகப்பான கோமுகத்துக்கு மேலே பனி விலகும் மண்ணில் பின்னாளில் என்ன நிற்கும் என்பதை முடிவுசெய்வது அந்த மண்ணின் வளத்தைவிட, கீழே எஞ்சியிருக்கும் பூர்ஜமரங்கள்தாம். மண்ணில் உரமிட்டோ வெளிநாட்டு நாற்றை நட்டோ அவசரப்படுத்துவதற்கு முன், எஞ்சிய தாய்மரங்களுக்கு ஆடுமாடுகளிடமிருந்தும் கோடரியிடமிருந்தும் காவல் வேண்டும். பனி முகப்புக்கு எதிரே இரும்பு முளை அடித்து மீட்டர் சதுரங்களை இன்றே அடையாளமிட வேண்டும். ஒவ்வொரு சதுரத்துக்கும் அருகிலுள்ள விதைமரத்தின் தூரம், தரையில் சரளை எவ்வளவு, மாவுமண் எவ்வளவு, பறவை எச்சம் விழுகிறதா, ஆட்டுமந்தை கடக்கிறதா என்ற ஐந்தையும் செடிகளின் பெயரோடு சேர்த்துக் குறிக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கூப்பரிடம் இருந்தவை அளவுநாடாவும் வரைதாளும் புகைப்படப் பெட்டியும்தான். அவருடைய குறிப்பேடு அடுத்த தலைமுறையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இங்கேயும் அதற்கு ஒரு பல்கலைக்கழகமோ வனத்துறையோ பொறுப்பேற்று, அந்தக் குறிப்புகளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி வைக்க வேண்டும்.